எண்பது சதவீதத் தள்ளுபடி: ஒரு பட்டாசுக்கடைக் கணக்கும் ஒரு வீடியோ கேம் கணக்கும்

(மூன்றாமாண்டு, எலெக்ட்ரிகல் பிரிவு)



"ஏதாவது டெக்னிக்கலா எழுதிக் குடுடே" என்று மலர்க் குழுவில் கேட்டார்கள். ட்ரான்ஸ்ஃபார்மர் பற்றி எழுதலாம் என்றால் அதை ஏற்கெனவே மூன்று பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். சோலாரும் போய்விட்டது. ஆகவே நான் 500 ரூபாய் ஏமாந்த கதையை எழுதுகிறேன். உண்மையில் ஏமாந்தேனா என்பதே எனக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளப் போய்க் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை. (கதையை மட்டும் படித்துவிட்டுக் கணக்கு வரும் இடத்தில் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு: கணக்கு ரொம்பச் சின்னதுதான், ஓடாதீர்கள்!)

தீபாவளிக்கு முன்னால் பன்னிரண்டு நாள் சித்தப்பாவின் பட்டாசுக் கடையில் வேலை பார்த்தேன். சாத்தூரிலிருந்து சிவகாசி போகிற ரோட்டில், வரிசையாக இருக்கிற கடைகளில் ஒன்று. லைசென்ஸ் உள்ள கடை. நாள் கூலி 500 ரூபாய், மத்தியானச் சாப்பாடு, ராத்திரி பரோட்டா. ஆக 6,000 ரூபாய். அதில் 4,500-ஐ அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எங்கள் ஊர் கழுகுமலைப் பக்கம். கரிசல் காடு, மானாவாரி. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில்தான் களையெடுக்க ஆள் கூலி கேட்கும். மிச்சம் 1,500 என் கையில்.

ஹாஸ்டலுக்கு வந்ததும் கண்ணில் பட்டது ஒரு கார் பந்தய விளையாட்டு. ஆன்லைன் கடை ஒன்றில். (கடையின் பெயர் வேண்டாம், அது செய்தது தப்பு என்று சொல்ல வரவில்லை.) விலை 1,999. அதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் பச்சைக் கட்டத்தில் ‘50% தள்ளுபடி’. 999 ரூபாய். கீழே ஒரு கடிகாரம், சலுகை முடிய இன்னும் இத்தனை மணி நேரம் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கடிகாரம் இருக்கிறதே, நம்ம சூப்பர்வைசர் பரீட்சை ஹாலில் "கடைசிப் பத்து நிமிஷம்" என்பாரே, அதே எஃபெக்ட்! வாங்கிவிட்டேன்.

அடுத்தது டவுன்லோடு. 28 ஜி.பி. எங்கள் நாலு பேர் போனிலும் தினம் ஒன்றரை ஜி.பி. ராத்திரி 12 மணிக்கு அன்றைய டேட்டா புதுசாக வரும். வந்ததும் நாலு ஹாட்ஸ்பாட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு உறிஞ்சுவோம். அஞ்சு ராத்திரி ஆயிற்று. அதற்குள் பிராக்டிகல் வந்துவிட்டது. உட்கார்ந்து விளையாட ஆரம்பித்தபோது வாங்கிப் பன்னிரண்டு நாள். அண்ணனின் பழைய லேப்டாப் மாவு மில் மாதிரி இரைந்தது. மூன்று மணி நேரம் ஆடியிருப்பேன்.

டிசம்பர் மூன்றாவது வாரம் குளிர்காலத் தள்ளுபடி வந்தது. அதே விளையாட்டு, ‘75% தள்ளுபடி’. 499 ரூபாய்.

அந்த வாரம்தான் மெஸ் பில் கட்ட 500 ரூபாய் குறைந்து, ரூம்மேட்டிடம் கைமாற்று வாங்கியிருந்தேன். விளாத்திகுளத்துக்காரன். கொடுத்தவன் சும்மா இருந்தானா? "மாப்ள, அந்த 500 ரூவா இங்கதாம்ல இருக்கு" என்று ஸ்க்ரீனைத் தொட்டுக் காட்டினான். ராத்திரி பூரா தூக்கம் வரவில்லை. யாரைத் திட்டுவது என்றே தெரியாததுதான் பெரிய எரிச்சல். கடைக்காரன் அண்ணாச்சியாக இருந்தால் நேரே போய் "என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டீங்களே" என்று கேட்கலாம். இங்கே யாரிடம் போய்க் கேட்பது? அப்போதுதான் நினைவுக்கு வந்தது, தீபாவளிக்கு முன்னால் நானே இதைவிடப் பெரிய தள்ளுபடி போட்டுக் கொண்டிருந்தேனே என்று!

சித்தப்பா கடைக் கணக்கு

கடையில் எனக்குக் கொடுத்த முதல் வேலை சரக்குத் தூக்குவது அல்ல. "கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ள" என்பதால் ரேட் லிஸ்ட் அடிப்பது. சித்தப்பா ஒவ்வொரு சரக்குக்கும் என்ன விலைக்கு விற்க வேண்டுமோ அதைச் சொல்வார். பூச்சட்டி பெட்டி 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் 100 என்று அடித்தால், "ஏல, அத ஏன் போடுத? 80 சதவீதம் தள்ளுபடி போக 100 வரணும்" என்பார். அதாவது விடையை முதலில் சொல்லிவிட்டுக் கேள்வியை நம்மைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்.

கணக்கு இதுதான். விற்கிற விலையை, ஒன்றிலிருந்து தள்ளுபடியைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். 80 சதவீதம் என்றால் 0.2-ஆல் வகுக்க வேண்டும், 500 ரூபாய். 75 என்றால் 400. 90 என்றால் 1,000. வாங்குகிறவர் கொடுப்பது எல்லாவற்றிலும் அதே நூறு ரூபாய்தான். 80-லிருந்து 90-க்குப் போனால் ஏதோ பத்து ரூபாய் குறைகிற மாதிரி நமக்குத் தோன்றும். லிஸ்ட்டில் உள்ள விலைதான் இரண்டு மடங்காகும், வேறொன்றும் நடக்காது.

பெட்டியில் அச்சடித்த விலையைப் பார்த்து மலைத்திருப்பீர்கள். பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் வருஷ எடையளவுச் சட்ட விதிகள்படி அதிகபட்ச சில்லறை விலையை அச்சடிக்க வேண்டும். அதற்கு மேல் விற்கக் கூடாது. ஆனால் எவ்வளவு அச்சடிக்கலாம் என்பதற்குப் பெரும்பாலான பொருள்களுக்கு வரம்பு கிடையாது. நமது காப்புக்காக வந்த எண், தள்ளுபடி எழுதுவதற்குச் சிலேட்டாகிவிட்டது.

"இது ஏமாத்து இல்லையா சித்தப்பா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "பக்கத்துக் கடையில 80 போட்டிருக்கான். நான் 'தள்ளுபடி இல்ல, சரியான வெல'ன்னு போர்டு வச்சா ஒரு கார் நிக்காது. மதுரைக்காரரும் திருநெல்வேலிக்காரரும் எறங்கி மொதல்ல கேக்கறது வெலய இல்ல, எத்தன பர்சென்ட்னுதான்" என்றார். இரண்டாம் நாளே அது உண்மை என்று தெரிந்துவிட்டது. "போன வருஷம் 75 தானே போட்டீங்க, இந்த வருஷம் பரவாயில்லையே" என்று ஒரு பெரியவர் சந்தோஷமாக வாங்கிப் போனார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அதே மண்ணில், கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் செய்கிற தீப்பெட்டிக்குத் தள்ளுபடி என்பதே கிடையாது. ஒரு ரூபாய் தீப்பெட்டி 14 வருஷம் ஒரு ரூபாயாகவே இருந்து, 2021 டிசம்பர் 1-லிருந்துதான் இரண்டு ரூபாய் ஆனது. எல்லாருக்கும் விலை தெரியும். அதனால் அதில் கோடு கிழிக்க இடமில்லை. பட்டாசோ வருஷத்துக்கு ஒரு முறை வாங்குவது. போன வருஷம் என்ன விலை கொடுத்தோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? விலை மறந்துபோகிற சாமானுக்குத்தான் பெரிய சதவீதம் செல்லும் என்பது என் அபிப்பிராயம்.

ஆன்லைன் பட்டாசு என்று தனியாக ஒரு துயரம் உண்டு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் இணையவழிப் பட்டாசு விற்பனைக்குத் தடை போட்டது. அதற்குப் பிறகும் தீபாவளி நெருங்கினால் போனில் ‘சிவகாசி நேரடி விலை, 90% தள்ளுபடி’ என்று வந்துகொண்டேதான் இருக்கிறது. நண்பன் ஒருவனின் அத்தை பெங்களூரில் இருக்கிறார். அப்படி ஒரு படத்தைப் பார்த்து 3,500 ரூபாய் அனுப்பினார். பார்சலும் வரவில்லை, அந்த நம்பரும் எடுக்கவில்லை. 'நீங்க அந்தப் பக்கம்தானே இருக்கீங்க, போய்ப் பாருங்கப்பா' என்று எங்களுக்குத்தான் போன். போட்டிருந்த விலாசத்தில் கடையே இல்லை. 2024 தீபாவளிச் சமயத்தில் தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப்பிரிவே இதுபற்றி எச்சரிக்கை கொடுத்தது. பணம் போனது தெரிந்த உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். "நாளைக்குப் பாப்போம்" என்றால் பணம் நாலு கணக்கு தாண்டிப் போயிருக்கும்.

விளையாட்டுக்கு வேறு கணக்கு

ஆக, எனக்கு வந்த முதல் சந்தேகம்: 1,999 என்பதும் சித்தப்பா போட்ட 500 மாதிரிதானோ? விடையை முதலில் வைத்துக்கொண்டு எழுதியதோ?

இல்லை என்றுதான் தேடிப் பார்த்ததில் தெரிந்தது. குறைந்தபட்சம், முழுக்க அப்படி இல்லை. காரணம் சரக்கிலேயே இருக்கிறது. பூச்சட்டி ஒவ்வொன்றுக்கும் மருந்து, காகிதம், கூலி, லாரி வாடகை உண்டு. உண்மையாகவே 500 ரூபாய் பெறுகிற பெட்டியை 100-க்குக் கொடுத்தால் சித்தப்பா அடுத்த தீபாவளிக்குக் கடை திறக்க மாட்டார். விளையாட்டுக்கு முதல் காப்பி செய்யத்தான் கோடிக்கணக்கில் செலவு. இரண்டாவது காப்பிக்கு ஏறக்குறைய செலவே இல்லை. அதை 90 சதவீதம் குறைத்து விற்றாலும் வருவது லாபந்தான்.

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். 2,000 ரூபாய் கொடுத்து முதல் நாளே வாங்க 100 பேர் இருக்கிறார்கள். 500 என்றால் வாங்கலாம் என்று காத்திருப்பவர்கள் 1,000 பேர். முதலிலேயே 500 என்று வைத்தால் 1,100 பேரிடமிருந்து ஐந்தரை லட்சம். முதலில் 2,000-க்கு விற்றுவிட்டு, ஆறு மாசம் கழித்து 500-க்கு இறக்கினால் இரண்டு லட்சமும் ஐந்து லட்சமும் சேர்ந்து ஏழு லட்சம். ரஜினி படத்தை முதல் நாள் முதல் ஷோ பார்ப்பவரும், டி.வி.யில் பொங்கலுக்குப் பார்ப்பவரும் ஒரே படத்தைத்தானே பார்க்கிறார்கள்? பொறுமை இல்லாதவன் கூடுதலாகக் கட்டுகிறான். நான் நடுவில் மாட்டிக்கொண்ட ஆசாமி. முதல் நாள் பார்த்த பெருமையும் இல்லை, பொங்கல் வரை பொறுத்த லாபமும் இல்லை!

ஆக, அந்த 50 சதவீதம் பொய்யில்லை. 75-ம் பொய்யில்லை. சித்தப்பா லிஸ்ட்டில் பொய் இருப்பது கோடு கிழித்த விலையில். இங்கே அந்த விலைக்கு நிஜமாகவே ஆள் வாங்கியிருக்கிறான்.

இதற்கு விதியும் உண்டு. கம்ப்யூட்டர் விளையாட்டு விற்கும் பெரிய கடை ஸ்டீம். அமெரிக்காவின் வால்வ் கம்பெனி 2003-இல் ஆரம்பித்தது. அங்கே விளையாட்டைச் செய்தவர்கள்தான் விலையையும் தள்ளுபடியையும் தீர்மானிக்கிறார்கள். அடிப்படையில் கடைக்கு 30 சதவீதப் பங்கு. ஆனால் விலையை ஏற்றினால் அடுத்த 30 நாளைக்குத் தள்ளுபடி போட முடியாது. அதாவது நேற்று ராத்திரி 500 என்று எழுதி இன்று காலை 80 சதவீதம் போடுகிற சித்தப்பா வித்தை அங்கே நடக்காது. ஐரோப்பிய யூனியனில் 2022-லிருந்து எல்லாக் கடைகளுக்குமே சட்டம் வந்துவிட்டது: தள்ளுபடி அறிவித்தால், அதற்கு முந்தைய 30 நாளில் இருந்த ஆகக் குறைந்த விலையிலிருந்துதான் கணக்குக் காட்ட வேண்டும். நம்ம ஆடித் தள்ளுபடிக்கு இப்படி ஒரு சட்டம் வந்தால் எத்தனை போர்டு இறங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்காக அங்கே எல்லாரும் யோக்கியர்கள் என்று நினைக்க வேண்டாம். உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்த ஜி.டி.ஏ. 5 விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். கம்ப்யூட்டருக்கு 2015 ஏப்ரலில் 60 டாலர் விலையில் வந்தது. ஜூனில் ஸ்டீமின் கோடைத் தள்ளுபடி. ஜனங்கள் ஆவலாகப் போய்ப் பார்த்தால் ‘25% தள்ளுபடி’. விலை? 60 டாலர்! விளையாட்டைத் தனியாக விற்பதை நிறுத்திவிட்டு, விளையாட்டுக்குள் செலவழிக்கிற 20 டாலர் ‘சுறா’ பண அட்டையைச் சேர்த்துக் கட்டி, 80 என்று போட்டு, அதில் 25 சதவீதம் கழித்திருந்தார்கள். விலையை ஏற்றவில்லை, மூட்டையைப் பெரிசாக்கிவிட்டார்கள். சித்தப்பாவிடம் சொன்னேன். "கிஃப்ட் பாக்ஸு மாதிரி" என்றார் உடனே. விற்காத கம்பி மத்தாப்பையும் சாட்டையையும் சேர்த்துப் போட்டுப் பளபளவென்று கட்டுகிற பெட்டியைச் சொல்கிறார்.

காலக்கெடு என்கிற கயிறு

விலையில் பொய் இல்லாவிட்டாலும் எரிச்சல் ஏன் தீரவில்லை? ஏனென்றால் கட்டிப்போட்டது விலை அல்ல, அந்த ஓடும் கடிகாரம். ஸ்டீமில் முன்பெல்லாம் சில மணி நேரத்துக்கு மட்டும் என்று மின்னல் தள்ளுபடிகள் உண்டு. தூங்கி எழுந்தால் போயிருக்கும். 2015 ஜூனில் அங்கே பணம் திருப்பித் தருகிற முறை வந்தது: வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் கேட்காமல் திருப்பிக் கொடுப்பார்கள். அதே வருஷம் இலையுதிர்காலத் தள்ளுபடியிலிருந்து மின்னல் தள்ளுபடி போய், முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரே விலை என்றாயிற்று. இரண்டும் அடுத்தடுத்து நடந்தது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டுக் குறைந்த விலைக்கு மறுபடி வாங்கலாம் என்றால் மின்னலுக்கு யார் பயப்படுவார்கள்?

திருப்பித் தருகிற இந்த முறையும் தானாகக் கனியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "திருப்பித் தர முடியாது" என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னதற்காக ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2014-லேயே வால்வ் மேல் வழக்குப் போட்டிருந்தது. 2016 டிசம்பரில் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது.

நான் வாங்கிய கடையிலும் ஏறக்குறைய இதே விதிதான் இருந்தது. எனக்குத்தான் தெரியாது! தெரிந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை; 14 நாள் போய்விட்டது, மூன்று மணி நேரம் ஆடியும் விட்டேன். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு மணி நேரக் கணக்கு விளையாட்டுக்குத்தான். 14 நாள் கணக்கோ பணம் கட்டிய நிமிஷத்திலிருந்து ஓடுகிறது. நாலு ஹாட்ஸ்பாட்டில் அஞ்சு ராத்திரி இறக்குகிறவனுக்கும், ஃபைபர் லைனில் அரை மணியில் இறக்குகிறவனுக்கும் ஒரே 14 நாள். ஆகவே ஹாஸ்டல்வாசிகள் நெட் கிடைக்கிற லீவு நாளுக்கு முன்னால் வாங்குவதே உத்தமம்.

தேதி விஷயத்தில் நமக்கு இன்னொரு பொருத்தமின்மை. ஸ்டீமின் பெரிய விற்பனைகளில் கோடை என்பது ஜூன் கடைசியில், குளிர்காலம் என்பது டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி முதல் வாரத்தில் முடிவது. நம்ம பக்கம் மார்கழி கடைசியில் உளுந்தும், தை, மாசியில் மக்காச்சோளமும் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அப்பா கையில் காசு புரளும். கடை மூடி நாலைந்து நாள் கழித்து நம்ம காசு வரும்! (2023-லிருந்து மார்ச்சில் வசந்தகாலத் தள்ளுபடி என்று ஒன்று சேர்த்திருக்கிறார்கள். மாசி, பங்குனி. கரிசல்காட்டுக்காரன் யாரோ உள்ளே வேலை பார்க்கிறான் போல.)

நம் நாட்டிலும் இதற்கு ஒரு பெயர் வந்துவிட்டது. மத்திய அரசு 2023 நவம்பர் 30 அன்று ஆன்லைன் கடைகளின் 13 வகைத் தந்திரங்களைத் தடை செய்து வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. அதில் முதலாவது ‘பொய் அவசரம்’: உண்மையில் முடியாத சலுகையை முடியப்போகிறது என்று விரட்டுவது. கேட்காத சாமானைக் கூடையில் போட்டுவிடுவது, கடைசிப் பக்கத்தில் விலையைக் கூட்டுவது எல்லாம் பட்டியலில் உண்டு. அப்படி நடந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. என் கடிகாரம் பொய்க் கடிகாரம் அல்ல. அந்த 50 சதவீதம் அன்றைக்கு முடிந்தது உண்மை. மூன்று வாரத்தில் 75 வரும் என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

அதைச் சொல்ல வேறு வழி இருக்கிறது. ஸ்டீம்டிபி என்று, வால்வுக்குச் சம்பந்தமில்லாத ஆட்கள் நடத்துகிற தளம் ஒன்று. ஒவ்வொரு விளையாட்டும் எந்தத் தேதியில் என்ன விலைக்கு இறங்கியது என்று கிராஃபே போட்டு வைத்திருக்கிறார்கள். ரூபாய்க்கும் தனியாக உண்டு. நம்ம லேபில் ஆஸிலாஸ்கோப்பில் பார்க்கிற சதுர அலை மாதிரி ஏறி இறங்கும். ஒருமுறை 75-க்கு இறங்கியது பெரும்பாலும் மறுபடி அங்கே இறங்குகிறது. வேண்டியதை விருப்பப் பட்டியலில் போட்டு வைத்தால் விலை இறங்கும்போது மெயில் வரும். நான் இதையெல்லாம் 999 கட்டிய பிறகு தெரிந்துகொண்டேன்.

கடைசியாக ஒன்று, இதுதான் என்னை ரொம்ப உறுத்துவது. 999 கொடுத்து நான் வாங்கியது என்ன? ‘தி க்ரூ’ என்று ஒரு கார் பந்தய விளையாட்டு. யூபிசாஃப்ட் கம்பெனியுடையது, 2014-இல் வந்தது. 2024 மார்ச் 31 அன்று அதன் செர்வரை மூடினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களும் அதற்குப் பிறகு ஓட்ட முடியவில்லை. அந்தச் சத்தம் அடங்குமுன் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது: விற்பது உரிமத்தை மட்டும்தான் என்றால் ‘வாங்கு’ என்று சும்மா போடக் கூடாது, தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று. 2024 அக்டோபரிலிருந்து ஸ்டீமில் பணம் கட்டுகிற பக்கத்திலேயே, நீங்கள் வாங்குவது உரிமம்தான் என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். சித்தப்பா விற்கிற சரவெடி அரை நிமிஷத்தில் தீர்ந்துபோகும். ஆனாலும் பற்றவைக்கிறவரை அது நம்முடையது. சித்தப்பா வீட்டுக்கு வந்து திருப்பி எடுத்துக்கொண்டு போக மாட்டார்.

விளாத்திகுளத்துக்காரனுக்கு 500 ரூபாயைப் பொங்கல் முடிந்து கொடுத்துவிட்டேன். அவன் அதற்குள் அதே விளையாட்டை 499-க்கு வாங்கி என்னைவிட நாலு லெவல் முன்னால் போய்விட்டான்.

போன வாரம் சித்தப்பா போன் செய்தார். "பக்கத்துக் கடைக்காரன் இந்த வருஷம் 85 போடப் போறானாம்ல. நாமளும் போட்ருவோம். லீவுல வந்து லிஸ்ட் அடிச்சுக் குடுத்துட்டுப் போ." வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்; கூலி இந்தத் தடவை 550. பூச்சட்டி அதே 100 ரூபாய்தான் என்றால் 0.15-ஆல் வகுக்க வேண்டும். 666 ரூபாய் 67 காசு வருகிறது. 670 என்று போடச் சொல்வார்.